துண்டுக்குள் சொன்ன வலி

போடிநாயக்கனூர்க் கடைவீதியில் ஏலக்காய் விலை பேசப்படும் முறையை அறியாதவர்களுக்கு முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். நான் சொல்வது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுப்பகுதி. மலையிலிருந்து சரக்கு இறங்கியதும், விற்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே சம்மணமிட்டு அமர்வார்கள். இருவரும் வலக்கைகளை நீட்டிச் சேர்த்துக்கொள்ள, மேலே ஒரு தோள்துண்டு விரிக்கப்படும். அதன் பிறகு வாய்க்கு வேலையில்லை. துண்டுக்கு அடியில் விரல்கள் பேசும். ஒரு விரலைப் பற்றினால் ஒரு மதிப்பு, இரண்டைப் பற்றினால் வேறொரு மதிப்பு, உள்ளங்கையைச் சுரண்டினால் பாதி குறைவு, முழுக்கையையும் இறுக்கினால் அதுவே முடிவு. சுற்றி நிற்பவர்கள் எத்தனை பேராயினும், பேசியது என்னவென்று அந்த இரண்டு கைகளுக்கு மட்டுமே தெரியும்.

என் தகப்பனார் அந்தப் பேச்சில் வல்லவர். கை அங்கே கடுமையாக வழக்காடிக்கொண்டிருக்கும். முகமோ காற்றில்லாத சந்நிதியில் நிற்கும் விளக்குச் சுடர்போல அசைவற்றிருக்கும். அவருடைய கை பொய் சொல்லாது என்று தோட்டத்துக்காரர்கள் நம்பினார்கள். தங்கள் சரக்கை அவரிடம் ஒப்படைத்து, விலை பேசும் பொறுப்பையும் அவருக்கே விட்டுவிட்டுத் தின்பண்டம் வாங்கப் போய்விடுவார்கள். எங்கள் கடையின் மூலதனம் அந்த நம்பிக்கைதான்.

அந்தக் கைதான் முறிந்தது.

ஆனி மாதம். அவ்வருடம் செடிகளில் பூ எப்படிப் பிடித்திருக்கிறது என்று பார்த்துவர குரங்கணிக்கு மேலே ஏறியவர், மழை நனைத்த பாறையில் சறுக்கி விழுந்தார். உடம்பின் பாரம் முழுவதையும் வலக்கை வாங்கிக்கொண்டது. கூட வந்தவர்கள் டோலி கட்டித் தூக்குகிறோம் என்றார்கள். அவர் மறுத்துவிட்டு, முறிந்த மணிக்கட்டை இடக்கையில் ஏந்தியபடி அடிவாரம்வரை நடந்தே இறங்கினார்.

பக்கத்து ஊர் எலும்பு வைத்தியர் கட்டுப் போட்டார். அவர் வேலையில் குறை ஏதுமில்லை. எலும்பு நேராகவே கூடியிருக்கிறது என்று பின்னாளில் மதுரை டாக்டரே படமெடுத்துப் பார்த்துச் சொன்னார். குறை எங்கள் வீட்டு அன்பில் இருந்தது. கட்டு மணிக்கட்டுக்குத்தான்; விரல்களை நாள்தோறும் மடக்கி நீட்ட வேண்டும் என்று வைத்தியர் சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்கு மனம் பொறுக்கவில்லை. கட்டுக்கு மேலே தன் பழைய சேலைத் துணியை விரல் நுனிவரை சுற்றிவிட்டாள். சோறு பிசைந்து ஊட்டினாள். வேட்டியைக்கூடத் தானே கட்டிவிட்டாள்.

“விரலை அசைக்கச் சொன்னாரே” என்று அப்பா ஒருமுறை கேட்டார்.

“அசைச்சா கூடுன எலும்பு விட்டுப்போகும். நான் இருக்கேன்ல, உங்களுக்கு எதுக்கு இப்ப கை?” என்றாள் அம்மா.

ஆடியில் கட்டைப் பிரித்தபோது உள்ளே இருந்தது மரத்தில் செதுக்கிவைத்தது போன்ற ஒரு கை. விரல்கள் முழுவதும் நீளவுமில்லை, மடங்கவுமில்லை. தோல் பளபளவென்று வீங்கியிருந்தது. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் எல்லோருக்கும் தெரியும்: புரட்டாசியில் புதுச்சரக்கு இறங்கத் தொடங்கிவிடும். அப்போது துண்டுக்கு அடியில் இந்தக் கை பேசாவிட்டால், தோட்டத்துக்காரர்கள் வேறு கடைப் படியேறுவார்கள். இடக்கையை நீட்டி விலை பேசுவது எதிரில் இருப்பவரை அவமதிப்பதாகும்; அதை யாரும் ஏற்கமாட்டார்கள்.

“மகனை உக்கார வைங்களேன்” என்று கடையில் ஒருவர் யோசனை சொன்னார்.

“அவன் கையா? அது தாளம் போடுற கை” என்றார் அப்பா.

அது உண்மை. எனக்கு அப்போது இருபத்தைந்து வயதைத் தொட்ட பருவம். காலைதோறும் சிவன் கோயிலில் பதிகம் பாடிவிட்டுத்தான் கடைக்கு வருவேன். ஈசனின் திருவடியைப் பாடிய பெரியோரின் சொற்களில் தோய்ந்திருந்த அளவுக்கு வியாபாரத்தில் நான் தோயவில்லை. அந்தக் கையை மீட்பது ஒன்றே வழி என்பது மட்டும் எனக்குத் தெளிவாக விளங்கியது.

மதுரையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இதற்கென்றே பயிற்சி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். இன்று இயன்முறை மருத்துவம் என்று அழகாகச் சொல்கிறார்கள்; அன்று எங்களுக்கு அது வெறும் ‘கைப்பயிற்சி’. போர்க்காலத்தில் பெயர்த்துச் சென்ற தண்டவாளத்தை மறுபடியும் போட்டு, போடிக்கு ரயில் திரும்பியிருந்த சமயம். அப்பா தம் பட்டு ஜிப்பாவை அணிந்து, நெற்றி நிறைய நீறு பூசி, ஜன்னலோரம் அமர்ந்தார். மின்சார மிஷினில் கையை வைப்பார்கள், அது சரியாகிவிடும், மாலை ரயிலில் திரும்பிவிடலாம் என்பது அவர் கணக்கு. நானும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தேன்.

அங்கே மிஷின் எதுவும் இல்லை. சுவரில் மர ஏணி, கயிறு கட்டிய கப்பிகள், வெதுவெதுப்பாக உருக்கிய மெழுகு நிறைந்த ஒரு தொட்டி. பயிற்சி தருபவர் நாற்பதை நெருங்கிய ஒரு மலையாளத்து அம்மையார். வெள்ளைச் சேலை, உரத்த குரல். அப்பாவை மேலும் கீழும் பார்த்தார்.

“முதலாளி கல்யாணத்துக்கோ வந்தது? இந்தச் சட்டைக்கையை மேலே ஏற்றவே பாதி நேரம் போகுமே! அடுத்த தடவை ஒரு பனியன் மதி, அது போதும்.”

ஜிப்பாவின் இறுகிய கையை உருட்டி மேலேற்ற முடியாமல் இறுதியில் அதைக் கழற்றவே வேண்டியதாயிற்று. வெற்றுடம்பாக, பிறர் காண, அப்பா முக்காலியில் அமர்ந்தார். அதுவே அவருக்குப் பாதி கோபம்.

அம்மையார் கேட்டார்: “இந்தக் கை கொண்டு உங்களுக்கு என்ன வேலையெல்லாம் செய்யணும்?”

“சோறு திங்கணும்.”

“வேறே?”

“அவ்வளவுதான்.”

நான் வாயெடுத்தேன். அப்பா என்னைப் பார்த்தார். துண்டுக்கு அடியில் நடப்பதைத் துண்டுக்கு வெளியே சொல்வது எங்கள் தெருவில் வழக்கமில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

கையை மெழுகில் தோய்த்துத் தோய்த்து எடுத்தார்கள். மெழுகு வெள்ளை உறைபோலப் படிந்தது. ஆறியதும் அதை உரித்துவிட்டு, அம்மையார் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கத் தொடங்கினார். “நான் முகத்தை நோக்கிக்கொண்டே செய்யும். வேதனை கூடினால் முகம் சொல்லும், உடனே விடும்” என்றார்.

முகம் சொல்லவில்லை. அது எப்படிச் சொல்லும்? ஆயுள் முழுவதும் சொல்லாதிருக்கப் பழக்கிய முகம் அது. அம்மையார் சிறிது மடக்கினார், சலனமில்லை. இன்னும் சிறிது, சலனமில்லை. “பலே, இது நல்ல உறுதியான கை” என்று பாராட்டிக்கொண்டே மேலும் மடக்கினார். நான் அப்பாவின் கழுத்தில் வேர்வை ஓடுவதைக் கண்டேன்; ஆனால் மதுரையில் வேர்க்காதவர் யார்?

திரும்பும் ரயில் ஆண்டிபட்டியைத் தாண்டுவதற்குள் கை இருமடங்காக வீங்கிவிட்டது. அம்மா வாசலிலேயே அதைக் கண்டாள்.

“சரிபண்ணச் சொன்னா முறிச்சு அனுப்பிருக்கா அந்தப் பொம்பள! இனிமே அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது, ஆமா.”

அப்பாவும் இனிப் போவதில்லை என்றார். சில நாள் நானும் பேசாமலிருந்தேன். பிறகு ஒரு காலையில் கோயிலிலிருந்து வந்ததும் அவரருகே அமர்ந்தேன்.

“அப்பா, அந்தம்மா மடக்குனப்ப வலிச்சுச்சா?”

“உசுரு போச்சு.”

“சொன்னீங்களா?”

“எதிராளிகிட்ட எவன்டா சொல்லுவான்?”

“அவங்க எதிராளி இல்லப்பா. நீங்க அங்க போயி வைத்தியம் பார்க்கல, யாவாரம் பண்ணிருக்கீங்க.”

அவர் சட்டென்று சிரித்துவிட்டார். “சரி, வர்றேன். ஆனா நீ பேசு. எனக்கு அந்தப் பேச்சு வராது” என்றார்.

இரண்டாம் முறை அகலக்கைப் பனியனுடன் போனோம். நான் அம்மையாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: துண்டு, விரல், புரட்டாசிச் சரக்கு, அசையாத முகம், வீக்கம், எல்லாம். அப்பா சுவர் ஏணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மையார் வீங்கிய கையைத் தம் கையில் ஏந்தித் திருப்பிப் பார்த்தார்.

“இது முதல் நாளே எனக்குத் தெரியணும், முதலாளி. சோறு எடுக்கிற கைக்கு ஒரு பயிற்சி. இன்னொருத்தர் விரலை இறுக்கிப் பிடிக்கிற கைக்கு வேறே பயிற்சி. எங்கே போகணும் என்று சொல்லாமல் வண்டி ஏறினால் நான் எங்கே கொண்டுபோய் இறக்கும்?” என்றார். பிறகு அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. “முகம் சொல்லாது. சரி. விரல் சொல்லுமில்லே? இடக்கை சும்மாதானே இருக்கு. மகன் கையைப் பிடியுங்கள். எத்தனை வேதனையோ அத்தனை விரல். மகன் எனக்குச் சொல்லட்டும்.”

“இடக்கையா?” என்று அப்பா தயங்கினார். அடுத்த கணம் தாமே தம் தோள்துண்டை எடுத்து விரித்தார். “பரவால்ல. வலிக்கு இடக்கை போதும்.”

அவ்வாறாக, அதுவரை துண்டுக்கு அடியில் ஒருமுறையும் என்னோடு பேசியிராத என் தகப்பனாரின் கை என் கையைப் பற்றியது. அம்மையார் மறுகையின் சுட்டுவிரலை மடக்கினார். துண்டுக்குள் என் ஒரு விரலை மட்டும் அப்பா தொட்டார்.

“ஒண்ணு” என்றேன்.

இன்னும் மடக்கினார். அப்போதும் ஒரே விரல். ஆனால் அம்மையார் அவருடைய முன்கைத் தசை கயிறாக முறுக்கியிருப்பதைக் கண்டுவிட்டார்.

“முதலாளி! முதல் விலை எனக்கு வேண்டாம். நான் உங்களோடு பேரம் பேச வரவில்லை. கடைசி விலையைச் சொல்லணும்.”

அறையில் பயிற்சிக்கு வந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். சிரிப்பினூடே அவர் கை என் கை முழுவதையும் வளைத்து இறுக்கியது. எலும்பே நொறுங்கும்போலிருக்க, நான் “அஞ்சு, அஞ்சு!” என்று கத்தினேன். அம்மையார் உடனே விரலை விட்டுவிட்டார். அப்பாவின் கண்ணில் நீர் திரண்டு நின்றது. முறிந்த கையோடு மலையிறங்கி வந்தபோது வராத நீர்.

நான் அன்று அடைந்த பெருமிதம் இன்றும் சொல்லித் தீராது. வலியைத் தாங்கியவர்களைக் கண்டு நாம் வியக்கிறோம். தாங்க முடியவில்லை என்று, சொல்ல வேண்டிய இடத்தில், சொல்ல வேண்டியவரிடம் உள்ளபடி சொன்ன என் தகப்பனாரைக் கண்டு நான் வியந்தேன். இறைவன்முன் நின்று தம் குறைகளை ஒளியாமல் பாடிய அடியார்களைக் காலைதோறும் பாடுபவன் நான். அந்தத் துணிவு என் வீட்டிலேயே இருந்தது.

அன்றுமுதல் அம்மையார் ஒரு வரம்பு வகுத்தார். இரண்டு, மூன்று விரல் வலியில் வேலை நடக்க வேண்டும். ஒன்றுமே வலிக்கவில்லையென்றால் வேலை நடக்கவில்லை. நான்கு வந்தால் எல்லை மீறிவிட்டோம். வாரம் ஒருமுறை அங்கே. மற்ற நாளெல்லாம் வீட்டில். “நான் செய்வது கொஞ்சம். நீங்கள் வீட்டில் செய்வதுதான் வைத்தியம். இங்கே வந்து போவதால் மட்டும் ஒரு விரலும் மடங்காது” என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்பினார்.

வீட்டுப் பயிற்சியில் விரலை மடக்கிச் சிறிது நேரம் அப்படியே பிடித்திருக்க வேண்டும். நேரம் பார்க்கக் கடிகாரம் எதற்கு? நான் ஒரு பாட்டுப் பாடுவேன். பாட்டு முடியும்வரை பிடி. இது அம்மையாருக்கும் பிடித்திருந்தது. அப்பாவுக்குத்தான் சங்கடம். எனக்கோ விருத்தத்தை நிதானமாக, பண் கெடாமல் விரித்துப் பாடித்தான் பழக்கம்.

“டேய், இழுக்காதடா. வெரசா முடி.”

“பதிகத்தை வெரசாப் பாடக்கூடாதுப்பா.”

“சாமி கோவிச்சுக்காது. எனக்கு மூணு விரல் தாண்டிருச்சு, அப்பு. சின்னப் பாட்டாப் பாடு!”

அம்மாவை மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. அப்பா சொம்பை எடுக்கத் தடுமாறினால் அவள் கை முந்திக்கொண்டு நீளும். நான் ஒருமுறை அவளையும் மதுரைக்கு அழைத்துப் போனேன். அம்மையார் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரு வேலை கொடுத்தார்: கோதுமை மாவைப் பிசைந்து உருட்டி, அதை அமுக்கிப் பிழிய இவருக்குத் தர வேண்டும். அதன் பிறகு எங்கள் வீட்டுச் சப்பாத்தி மாவு முழுவதும் அப்பாவின் பொறுப்பாயிற்று. அவர் அடுப்படியில் அமர்ந்து மாவு பிசைவதைக் கண்டு அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். “இன்னும் இறுக்கிப் பிசைங்க. இது சப்பாத்தியா, களியா?” என்பாள். உதவாமலிருப்பதை அவள் ஒரு விரதம்போலக் கைக்கொண்டாள். அது அவளுக்கு எவ்வளவு கடினமாயிருந்தது என்பதை அறிந்தவன் நான்.

சிறு பொருள்களைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் கவ்வி எடுக்கவும் பழக வேண்டியிருந்தது. ஏலக்காய்க் கடைக்காரருக்குச் சிறு பொருளுக்குப் பஞ்சமா? கடையின் பின்கட்டில் காய் பொறுக்கும் பெண்களோடு அமர்ந்து, வெடித்த காயையும் பச்சைக் காயையும் தனித்தனியே பிரித்தார். “முதலாளி, சோலி மந்தமா இருக்கே, கூலிய எப்படிப் போடுறது?” என்று ஒருத்தி கேட்டாள். “சரியாப் போடு ஆத்தா, குறைச்சிராத” என்றார்.

ஆவணியில் கை நின்றுவிட்டது. அதுவரை நாளுக்கு நாள் மடங்கி வந்த விரல்கள் ஓரிடத்தில் வந்து, அதற்கப்பால் ஓர் எள்ளளவும் நகரவில்லை. ஒரு வாரம் போயிற்று. மறு வாரமும் போயிற்று. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “இவ்வளவுதான் விதிச்சிருக்கு போல” என்றார். அம்மையார் பதறவில்லை. இப்படி நிற்பது வழக்கம், படி ஏறுகிறவன் நடுவே ஒரு தளத்தில் நின்று மூச்சு வாங்குவதில்லையா, இங்கே விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம் என்றார். விட்டுவிடாதவர்களின் கூட்டத்தில் என் தகப்பனார் சேர்ந்தார். மறுநாள் காலை நான் பாடத் தொடங்குமுன்னே அவர் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சின்னப் பாட்டு வேண்டும் என்று கேட்கவில்லை.

புரட்டாசி பிறந்தது. முதல் சரக்கு கோவேறு கழுதைகளின் முதுகில் இறங்கிக் கடை வாசலுக்கு வந்தது. தோட்டத்துக்காரர் மூட்டையை இறக்கிவிட்டு அப்பாவின் கையைப் பார்த்தார், கேட்கத் தயங்கினார். வாங்க வந்தவர் எதிர்க்கடைக்காரர். அவர் அப்பாவை மாமா என்றும், அப்பா அவரை மாப்ளே என்றும் அழைத்துக்கொள்ளும் பழக்கம். பேரத்தில் மட்டும் இருவருக்கும் ஈவிரக்கம் கிடையாது. தெருவே வந்து நின்றது போலிருந்தது. அப்பா வலக்கையை நீட்டினார். துண்டு விழுந்தது.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை; அதில் பார்க்க ஒன்றுமிராது. துண்டைப் பார்த்தேன். அது லேசாக அசைந்தது, நின்றது, மறுபடியும் அசைந்தது. திடீரென்று அப்பா வாய்விட்டுப் பேசினார்.

“மாப்ளே, என்ன பிடி இது? நோயாளிக்கு நாடி பார்க்கிற மாதிரி பிடிக்கிற. இறுக்கிப் பிடி. நோஞ்சான் பிடி பிடிச்சா நோஞ்சான் விலைதான் வரும்.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. “வலிக்குமேன்னு பார்த்தேன் மாமா” என்றார் எதிர்க்கடைக்காரர், முகம் சிவந்து.

“வலிச்சா நான் சொல்றேன். எனக்குச் சொல்லத் தெரியும்.”

பிறகு துண்டு துடித்த துடிப்பு, முன்பு நான் கண்டிருந்த எந்தப் பேரத்துக்கும் குறைந்ததன்று. வெகுநேரம் கழித்து எதிர்க்கடைக்காரர் நீண்ட மூச்சு விட்டுக் கையை உருவிக்கொண்டார். “கைதான் கொஞ்சம் தடிச்சிருக்கு. குணம் மாறல” என்று முணுமுணுத்துக்கொண்டே மூட்டையைத் தூக்கச் சொன்னார். தோட்டத்துக்காரர் அப்பாவை நோக்கிக் கைகூப்பினார்.

அப்போது எதிர்க்கடைக்காரர் எழ முயன்று, வலத்தோளைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அமர்ந்தார். “மாமா, எனக்குமே இந்தத் தோளு சட்டை மாட்டத் தூக்க மாட்டேங்குது. யார்கிட்டயும் சொல்லல. அங்க என்ன பண்ணுவாங்க?”

“போகும்போது பட்டு ஜிப்பா போட்டுட்டுப் போகாத” என்று தொடங்கினார் அப்பா. “கை எதுக்கு வேணும்னு கேப்பாங்க. சோறு திங்கன்னு சொல்லாத, உள்ளதைச் சொல்லு. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு, அங்க பேரம் கெடையாது. அவங்க ஒரு நாள் செய்வாங்க, ஆறு நாள் நீதான் செய்யணும். நடுவுல ஒண்ணும் நடக்காத மாதிரி இருக்கும், விட்டுறாத. முக்கியமா உன் வீட்டுக்காரிகிட்டச் சொல்லி வையி, ஊட்டி விடக்கூடாதுன்னு.”

சொல்லும்போது அவர் குரலில் இருந்த கம்பீரம், பேரம் முடிந்தபோதுகூட இருந்ததில்லை.

சுண்டுவிரல் மட்டும் கடைசிவரை முழுவதாக மடங்கவே இல்லை. அம்மையார் அதை மறைக்காமல் சொல்லிவிட்டார். அப்பாவும் அதை ஏற்றுக்கொண்டார். சுண்டுவிரல் பற்ற வேண்டிய இடத்தில் அவர் மோதிரவிரலால் இருமுறை தட்டுவார். வேறெந்தக் கடையிலும் அந்தத் தட்டுக்குப் பொருள் கிடையாது. ஆனால் குரங்கணிப் பாதையில் சரக்கோடு இறங்கிவந்து எங்கள் கடையில் அமர்ந்த ஒவ்வொரு கையும் அதைக் கற்றுக்கொண்டது.